ஆனையூர்ப் படகின் தண்ணீர்த் தொட்டி

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு படகு வந்து இறங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அமிலங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தெருமுனை திரும்பினால், கருவேலஞ்செடிகளுக்கு நடுவே வெள்ளையும் நீலமுமாக ஒரு படகு நிற்கிறது. கடல் எங்கள் மதுரை ஆனையூரிலிருந்து குறைந்தது மூன்று மணி நேர பஸ் பயணம். வைகையில் அந்த வருடம் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

படகின் மேல் என் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டினார்.

"மதினி! எப்படி இருக்கு?"

கொழுந்தன் புதூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மண்டபம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மொய் எழுதிவிட்டு வரும் வழியில் பழைய படகு ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிற படகு. அதை வாங்கிப் புதுப்பித்து மறுபடியும் கடலில் விடப்போகிறாராம். அங்கேயே வைத்து வேலை பார்த்தால் என்ன என்று கேட்டதற்கு, "நான் கடைய விட்டுட்டு அங்க போய் உக்கார முடியுமா மதினி? பெயின்டர், எலக்ட்ரீசியன் எல்லாம் இங்கதான் தெரிஞ்சவனா இருக்கான்" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். யோசிக்காமல் பார்த்தால் காலி மனையில் ஒரு படகு.

தெருவே வந்து பார்த்தது. "வைகைல தண்ணி வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்று நினைப்பவர். அவர் படகை ஒருமுறை சுற்றிவந்து, "பெருசாத்தான் இருக்கு" என்றார்.

பெயின்ட் வேலை முடிந்தது. விளக்குகள் எரிந்தன. ஹாரன் அடித்தது, தெருநாய்கள் ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியாகத் தண்ணீர்த் தொட்டி. படகின் முன்பக்கத் தளத்துக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தொட்டி இருந்தது. பயணிகள் குடிப்பதற்கான தண்ணீர் அதில்தான். வெளியே ஒரு குழாய். தொட்டியை நிரப்பிவிட்டுக் கொழுந்தன் பெருமையாகக் குழாயைத் திறந்தார். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் படகுக்கு அடியில் வந்தது.

தகடும் தகடும் சேர்கிற ஓரத்தில் இரண்டு இடத்தில் கசிவு. வெல்டரைக் கூட்டிவந்தார். அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "அண்ணே, இத வெளிய எடுக்கணும்னா மேல்தளத்த அறுக்கணும். எடுக்காம வெல்டிங் வச்சா சுத்தி இருக்கிற ஃபைபர் எரிஞ்சு போட்டே போயிரும். ஏதாச்சும் பசை வச்சு அடைங்க" என்று சொல்லிவிட்டு டீயை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. ஏனென்றால் நான் கெமிஸ்ட்ரி டீச்சர்.

"மதினி, எந்தப் பசை நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான படிச்சவுங்க" என்றார் கொழுந்தன். நான் படித்த கெமிஸ்ட்ரியில் படகுத் தொட்டியை அடைக்கிற பாடம் கிடையாது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற பழக்கம் ஆசிரியர்களுக்கு இல்லை. "குடிக்கிற தண்ணில இறங்காத பசையா இருக்கணும். அவ்வளவுதான்" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லிவைத்தேன்.

அவர் முதலில் கொண்டுவந்தது தார். கடலில் எல்லாரும் தார்தான் பூசுகிறார்கள் என்றார். படகுக்கு வெளியே பூசுவார்கள், குடிக்கிற தண்ணீருக்குள் பூச மாட்டார்கள் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் ஒரு பிளம்பர் கொடுத்ததாக ஒரு டப்பா வந்தது. சணலில் தடவிக் குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளைப் பசை. "பல வருசமா எல்லாரும் இதத்தான் சுத்துறாங்களாம் மதினி, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லையாம்." டப்பாவின் பின்பக்கத்தைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ஈயம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் வருடா வருடம் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறவள். கொழுந்தனை நிற்கவைத்து அந்த ஐந்து மதிப்பெண்ணையும் சொன்னேன். டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, பாம்பைக் கொண்டுபோகிற மாதிரித் தூரப் பிடித்துக்கொண்டு போனார்.

மூன்றாவது சிலிக்கோன். பாத்ரூம் ஓரங்களில் பூசுகிற ட்யூப். "இதுல பூஞ்சையே வராதாம்!" என்றார்.

"ஏன் வராது?"

"நல்ல பசை, அதான்."

"பூஞ்சை செத்துப்போற மாதிரி மருந்து கலந்துருக்கான். அதான் வராது. அந்த மருந்து தண்ணில இறங்கினா நம்மளும் பூஞ்சையும் ஒண்ணுதான்."

கொழுந்தன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "ஊறுகா வாடை வருது மதினி." வினிகர் வாடைதான். அது ஒரு அமிலம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கடையிலிருந்து போன் வந்ததென்று போய்விட்டார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சரி, நாமே போவோம் என்று ஒரு சனிக்கிழமை இருவரும் சிம்மக்கல்லுக்குப் போனோம். அங்கே ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி முதல் மோட்டார் வரை கூரை வரைக்கும் அடுக்கி, நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டுகிற பசை.

"இதுதாங்க்கா. ஃபுட் கிரேடு."

"ஃபுட் கிரேடுன்னு எங்கண்ணே எழுதியிருக்கு?"

"எழுதல. நான் சொல்றேன்ல."

"தண்ணிக்குள்ள இருந்தா ஒண்ணும் செய்யாதா?"

"என்னக்கா நீங்க, சின்னப் புள்ளகூட வாயில வைக்கலாம்" என்றவர், நான் தடுப்பதற்குள் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துவிட்டார். வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "துப்புங்கண்ணே! துப்புங்க!" என்று நான் கத்த, கொழுந்தன் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அவர் கடைக்கு வெளியே போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் கால் மணி நேரம் எந்த வாடிக்கையாளருக்கும் வாயைத் திறந்து பதில் சொல்லவில்லை. விரல்களைக் காட்டியே வியாபாரம் செய்தார். கடைசியில் நாக்கு திரும்பி வந்ததும், "அது வேணாங்க்கா" என்றார்.

நேர்மையான மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, குடிநீர்க் குழாய் வேலைக்காரர்கள் வாங்குகிற ஒரு பசையின் விளம்பரத் தாளை எடுத்துத் தந்தார். சரக்கு இல்லை, வரவழைக்கலாம் என்றார். தாளில் ஒரு உதவி எண் இருந்தது. வீட்டுக்கு வந்து அழைத்தேன். ஓர் இளைஞர் எடுத்தார்.

"சொல்லுங்க மேம். டேங்க் எங்க இருக்கு?"

"போட்ல இருக்கு."

"போட் எங்க இருக்கு மேம்?"

"ஆனையூர்ல."

"ஆனையூர் எந்தக் கடற்கரைப் பக்கம் மேம்?"

"மதுரை."

"மதுரை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக, "மேம், வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

வேறு யாரும் வேண்டாம், நானே தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று விளக்கினேன். பாவம், நல்ல பிள்ளை. குடிதண்ணீரில் வைத்துச் சோதித்த சான்றிதழையும், எப்படிப் பூச வேண்டும் என்கிற நான்கு பக்கத் தாளையும் அனுப்பிவைத்தார். அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு என்று நிறுத்துக் கலக்க வேண்டும். ஏழு நாள் காய வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஊறவைத்துக் கொட்ட வேண்டும். இப்படி மூன்று முறை. அதற்கப்புறம்தான் குடிக்கலாம்.

சான்றிதழ் இருந்தாலும் என் மனது ஆறவில்லை. பசை வந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் கொஞ்சம் பூசி ஏழு நாள் காயவைத்து, அதே மாதிரி மூன்று முறை ஊறவைத்துக் கொட்டினேன். பதினோராவது நாள் எங்கள் சமையலறையில் ஆராய்ச்சி நடந்தது. மூன்று டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி என் கணவர் முன்னால் வைத்தேன். ஒன்றில் பசை டம்ளரில் ஊறிய தண்ணீர். ஒன்றில் வடிகட்டிய தண்ணீர். ஒன்றில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். எது எது என்று அவருக்குத் தெரியாது.

முதலாவதைக் குடித்து முகத்தைச் சுளித்தார். "மருந்து வாடை."

அது குழாய்த் தண்ணீர்.

இரண்டாவதைக் குடித்தார். "சப்புன்னு இருக்கு." வடிகட்டியது.

மூன்றாவதை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "இது நல்லாருக்கு. எந்தக் கேனு?"

அதுதான் பசைத் தண்ணீர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் இரண்டு நாள் அவர் அலுவலகத்தில் இருக்கும்போது அடிக்கடி போன் செய்து, "என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி விசாரித்ததில்லை என்று அவருக்குச் சந்தோஷம். காரணத்தை நான் சொல்லவில்லை.

பூசுகிற நாள் வந்தது. தொட்டியின் மேல் கை நுழைகிற அளவுக்கு ஒரு மூடி. கொழுந்தனுக்கு நீளக் கை. அவர் தளத்தில் குப்புறப் படுத்து உள்ளே கையை விட்டுத் துடைத்துத் தேய்த்துக் காயவைத்தார். நான் சமையலறைத் தராசைப் படகுக்குக் கொண்டுவந்து நிறுத்துக் கலக்கினேன். கலக்கினால் இருபது நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். கிண்ணத்தைக் கையில் கொடுத்த நேரத்தில் கொழுந்தனின் போன் அடித்தது. இந்த முறை நிஜமாகவே அடித்தது. யாருக்கோ சார்ஜர் சூடாகிறதாம். "அத எந்தப் பக்கம் சொருகுனீங்க? இல்லண்ணே, அந்தப் பக்கம் இல்ல..." என்று அவர் பேசி முடித்துத் திரும்பும்போது கிண்ணம் சூடாகி, நான் கலக்கிய ஸ்பூன் அதற்குள் நட்ட கல் மாதிரி நின்றது. இழுத்துப் பார்த்தார். கிண்ணமும் சேர்ந்து வந்தது.

"மதினி, இது நல்லாப் புடிக்குது!" என்றார்.

மறுபடி கலக்கினேன். போனை வாங்கி என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். இந்த முறை ஒழுங்காகப் பூசினார்.

ஏழு நாள். கொழுந்தனுக்கு ஏழு நாள் என்பது ஏழு ஜென்மம். ஐந்தாம் நாள் பள்ளியிலிருந்து வருகிறேன், படகில் ஹோஸ் குழாயோடு நிற்கிறார். "சும்மா ஓரமா விட்டுப் பாக்கத்தான்..." என்றார். மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோஸைச் சுருட்டி எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் நிரப்பினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை. முதல் தண்ணீரை முருங்கைக்குக் கொட்டினோம். இரண்டாவதையும் கொட்டினோம். மூன்றாவது முறை நிரப்பிய அன்று மாலைதான் கொழுந்தன் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ராமநாதபுரத்து லாரி ஒன்று மறுநாள் காலையில் திரும்பிப் போகிறதாம். படகை ஏற்றிவிடலாமாம்.

"நாளைக்கா? நாளைக்கு எதிர்சேவை" என்றார் என் கணவர்.

சித்திரைத் திருவிழாவுக்கு வைகையில் இறங்க அழகர்கோவிலிலிருந்து புறப்பட்டு வருகிற அழகரை மூன்றுமாவடியில் மதுரை ஜனம் எதிர்கொண்டு அழைக்கிற நாள். எங்கள் லாரி போக வேண்டிய வழியும் மூன்றுமாவடிதான். வேறு வழியில் ஒரு பாலம் தாழ்வாக இருக்கிறது, படகு நுழையாது. "அஞ்சு மணிக்கெல்லாம் தாண்டிருவோம்ணே. அப்ப யாரு இருப்பா?" என்றார் கொழுந்தன். மதுரையில் பிறந்த ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

மூன்றாவது தண்ணீர் இன்னும் ஒரு நாள் ஊறவில்லையே என்றேன். "போற வழில குலுங்கிக் குலுங்கி இன்னும் நல்லாக் கழுவும் மதினி. மண்டபத்துல போய்க் கொட்டிக்கிருவோம்." கேட்பதற்கு விஞ்ஞானமாகத்தான் இருந்தது. ஆனால் இவரை நம்பித் தொட்டியை அனுப்ப முடியாதென்று நானும் லாரியில் ஏறினேன். என்னை நம்பி அனுப்ப முடியாதென்று என் கணவரும் ஏறினார்.

மூன்றுமாவடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே லாரி நின்றது. முன்னால் தலைகள். பின்னால் தலைகள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, "மாப்ள, இனி சாமி போனாத்தான் நாம போவோம்" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு, துண்டை விரித்துக் கண்ணை மூடிவிட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து படகை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏய்யா, சாமி ஆத்துல இறங்குறதுக்கா போட்டு கொண்டாந்திருக்கீங்க?"

கூட்டமும் அப்படித்தான் நினைத்தது போல. ஒரு அம்மா படகின் மூக்கில் குங்குமம் வைத்தார். யாரோ மாலை போட்டார்கள். ஒருவர் தேங்காயே உடைத்துவிட்டார். கொழுந்தன் தளத்தில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. படகின் தண்ணீர்க் குழாயை யாரோ திறந்திருக்கிறார்கள். "தண்ணி வருதுப்பா!" என்று ஒரு குரல். செம்பு, பாட்டில், கைகள் எல்லாம் நீண்டன. மேலிருந்து கொழுந்தன், "குடிங்க, குடிங்க! எங்க மதினி செக் பண்ணது! ஃபுட் கிரேடு!" என்று அறிவிக்கிறார்.

அது மூன்றாவது கழுவல் தண்ணீர். ஒரு நாள் ஊறி முடிய இன்னும் சில மணி நேரம் பாக்கி என்பதுதான் குறை. குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று மூளை சொல்கிறது. நான்கு பக்கத் தாள் கண்ணுக்குள் நிற்கிறது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு லாரியின் பக்கவாட்டில் ஏறினேன்.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

செம்பை வாயருகே கொண்டுபோன ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏந்தாயி, சாமி வர்ற நேரத்துல தண்ணிக்கா கணக்குப் பாக்குற?"

"அய்யா, அப்படி இல்ல. உள்ள எபாக்சி பூசியிருக்கு. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து பிணைப்பு உண்டாகும்போது வினைபுரியாம மிச்சம் இருக்கிற மூலக்கூறு..."

கூட்டம் என்னைப் பார்த்தது. என் வகுப்பில் கடைசி பெஞ்சு என்னை அப்படித்தான் பார்க்கும். அப்போது என் கணவர் கீழேயிருந்து, அன்றைக்கான இருபது வார்த்தைகளில் நான்கைச் செலவு செய்தார்.

"அது டேங்க் கழுவுன தண்ணி."

"அட, அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று பெரியவர் செம்பைக் கவிழ்த்தார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. நான் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகருக்குப் பீய்ச்சுகிற வேண்டுதல்காரர்கள் சிலர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: "குடிக்கத்தான கூடாது? பீச்சலாம்ல?"

யோசித்தேன். உடம்பில் பட்டால் ஒன்றுமில்லை. முருங்கைக்கு ஊற்றி அது காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. சாமி மேல் படுமே என்று ஒரு தயக்கம். "வெறும் தண்ணிதான், பீச்சலாம்" என்றேன். பத்தே நிமிடத்தில் தொட்டியைக் காலி செய்துவிட்டார்கள். பாதி எங்கள் மேலேயே பீய்ச்சினார்கள். டிரைவர் திடுக்கிட்டு எழுந்து, மழையென்று கண்ணாடியை ஏற்றினார்.

பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. குடிநீர் லாரி வந்து நிற்கிறது, பிடித்துவைக்கப் பந்தலின் சின்ன அண்டாக்கள் போதவில்லை. பந்தல்காரர் படகைப் பார்த்தார். கொழுந்தன் என்னைப் பார்த்தார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். ஊறல் முழுதாக முடியவில்லைதான். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் இந்தத் தண்ணீர் ஒரு மணி நேரம்கூடத் தொட்டியில் தங்காது.

"நிரப்புங்க" என்றேன். "மொதல் டம்ளர் எனக்கு."

நிரம்பியதும் குழாயைத் திறந்து பிடித்தேன். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோந்து பார்த்தேன். வாயில் வைத்து நாக்கில் உருட்டினேன். வெறும் தண்ணீர். அத்தனை தார், ஈயம், சிலிக்கோன், நாக்கு மரத்த கடைக்காரர் எல்லாவற்றையும் தாண்டி வந்த வெறும் தண்ணீர். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டித் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், செம்புகள் பாய்ந்தன. மதியம் வரை நாலு தடவை நிரப்பி நாலு தடவையும் தீர்ந்தது. ஒரே ஒருவர்தான் குறை சொன்னார், "ஐஸ் போடலையா?" என்று.

அன்று ராத்திரிக்குள் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கியது. கொழுந்தனுக்கு. நான் பதறிப்போய்த் துருவித் துருவிக் கேட்டதில், லாரி நின்ற இடத்திலிருந்து நான்கு பந்தல்களுக்கு நடந்துபோய் நான்கிலும் புளியோதரை சாப்பிட்டிருக்கிறார் என்பது தெரிந்தது.

படகு மறுநாள் மண்டபம் பக்கம் போய்ச் சேர்ந்தது. கடலில் விடுவதற்கு முன் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்கள். நான் லீவு போட்டுக்கொண்டு, சான்றிதழ், நான்கு பக்கத் தாள், பூசிய நாள், ஊறவைத்த நாள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் மிதவை உடுப்புகளை எண்ணினார். ஹாரனை அடித்துப் பார்த்தார். என்ஜினை ஓடவிட்டுக் கேட்டு, படகு சரி என்று எழுதினார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கப் போனவரை நான் விடவில்லை.

"சார், தண்ணீர்த் தொட்டிக்குச் சான்றிதழ் இருக்கு. பாருங்க."

பைலைப் புரட்டினார். அட்டவணைகளைப் பார்த்தார். பக்கம் பக்கமாகத் திருப்பிவிட்டு, "இதுல நான் எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?" என்று பாவமாகக் கேட்டார்.

"எங்கயும் போட வேணாம் சார். ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க, போதும்."

குடித்தார். வெயில் கொளுத்துகிற நேரம். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.